இன்னும் ஒன்று: திருநாள் பலகாரமும் மட்டசனமும்



மார்கழிப் பனி மலைமேல் இறங்கிவிட்டது. விடியற்காலைப் பூசைக்கு வருகிறவர்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வருகிறார்கள். குடில் கட்ட மூங்கிலும் வைக்கோலும் வீடுகளில் சேர்ந்துவிட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் இனிப்புப் பெட்டியுமாக மலை ஏறி வரப்போகிறார்கள். அடுப்புகளில் எண்ணெய்ச் சட்டி ஏறப்போகிறது. இவையெல்லாம் நல்லவை. இவற்றைக் குறை சொல்வதற்காக இந்தப் பாடம் எழுதப்படவில்லை.

ஆனாலும் ஒரு சிறு கணக்குப் பாருங்கள். டிசம்பர் 25-ஆம் தேதி கிறிஸ்து பிறந்த திருநாள். ஜனவரி முதல் தேதி புதுவருஷம். அதையடுத்து மூன்று இராஜாக்கள் திருநாள். ஜனவரி நடுவில் பொங்கல். ஆக, ஏறக்குறைய மூன்று வாரம் பலகாரத் தட்டு கண் முன்னாலேயே இருக்கிறது. திருநாள் நாலு, தின்கிற நாளோ இருபதுக்குமேல்.

இந்த நாட்களில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் எது தெரியுமா? "இன்னும் ஒன்று" என்பதுதான். தட்டை நீட்டுகிறவரும் அதையே சொல்லுகிறார். தின்கிறவருடைய நாக்கும் அதையே சொல்லுகிறது. அந்த இரண்டு சொல்லைப் பற்றியதே இன்றைய பாடம்.

1. ஒரு பெரியவருடைய திருநாள்

உதாரணத்துக்காக ஒரு பெரியவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தைந்து. மூன்று வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். திருநாள் காலையில் பூசை முடிந்து, புது வேட்டி உடுத்தி, உறவினர் வீடுகளுக்குப் புறப்படுகிறார்.

முதல் வீடு மகள் வீடு. "தாத்தா, இந்த அதிரசம் நான் தட்டியது" என்று பேத்தி நீட்டுகிறாள். வேண்டாமென்று எப்படிச் சொல்லுவார்? இரண்டாவது சம்பந்தி வீடு. தொடாமல் எழுந்தால் சம்பந்தியம்மாள் முகம் வாடும். மூன்றாவது பங்காளி வீடு. நிலத் தகராற்றில் இரண்டு வருஷம் பேசாமலிருந்து, போன மாதந்தான் பேச்சு வார்த்தை சேர்ந்தது. அங்கே கை நனைக்காமல் வந்தால் பழைய பகை திரும்பிவிட்டது என்று எண்ணுவார்கள். இப்படியே ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகாரம். கூடவே சர்க்கரை போட்ட ஒரு தம்ளர் தேநீர்.

சாயங்காலம் அவருக்கு நாக்கு வறளுகிறது, தலை சுற்றுகிறது. இரவில் ஐந்தாறு தடவை எழுந்து வெளியே போகிறார். வீட்டாரோ, "வயதான காலத்தில் வாயைக் கட்டத் தெரியவில்லையே!" என்று முணுமுணுக்கிறார்கள்.

பிரியமானவர்களே, இதில் தவறு யாருடையது? அவர் ஒரு வீட்டிலாவது ஆசைப்பட்டுத் தின்னவில்லை. எல்லா வீட்டிலும் மரியாதைக்காகவே தின்றார். கொடுத்தவர்களும் அவரைக் கெடுக்க நினைக்கவில்லை, அன்பினாலேயே கொடுத்தார்கள். ஆனால் அளவு பார்க்காத ஆறு அன்புகள் ஒன்று சேர்ந்து ஒரு மனிதரைப் படுக்கையில் தள்ளிவிட்டன. ஆகையால் மட்டாய்ச் சாப்பிடும் பொறுப்பு தின்கிறவருக்கு மட்டும் உரியதல்ல. பாதிப் பொறுப்பு பரிமாறுகிற கைக்கு உண்டு. இதுவே இன்று நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான காரியம்.

2. ஞானோபதேசம் போதிப்பது

ஞானோபதேசத்தில் படித்த தலையான பாவங்கள் ஏழும் நினைவிருக்கிறதா? அவற்றில் ஒன்று போசனப்பிரியம். அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. அளவான உணவு என்பதே அதன் பொருள். பட்டினி கிடப்பது மட்டசனம் அல்ல. விருந்தை வெறுப்பதும் மட்டசனம் அல்ல. சேசுநாதரே கானாவூர்க் கலியாண வீட்டுக்குப் போனார். விருந்து குறைவுபடாமல் காத்தார்.

590 முதல் 604 வரை பாப்பானவராக இருந்த அர்ச். பெரிய கிரகோரியார் போசனப்பிரியத்துக்கு ஐந்து வழிகள் உண்டென்று எடுத்துக்காட்டினார். பின்னர் 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவீனாரும் அதையே எடுத்து விளக்கினார். வேளைக்கு முன்னே உண்பது ஒன்று. விலையுயர்ந்த பண்டத்தையே தேடுவது ஒன்று. பக்குவத்தில் மிதமிஞ்சிய கவலை கொள்வது ஒன்று. அளவுக்கு மிஞ்சி உண்பது ஒன்று. ஆவலாதியாய் அள்ளி விழுங்குவது ஒன்று. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். "கடைப் பலகாரம் இல்லாவிட்டால் திருநாளா?" என்று பிள்ளை அழுவதும், அதற்காகத் தகப்பன் கடன் வாங்குவதும் இந்த ஐந்தில் அடங்கும்.

நம் முன்னோர் காலத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. திருச்சபையின் பொதுச் சட்டப்படி கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தின நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாளாக இருந்தது. 1966-ஆம் ஆண்டில் சின்னப்பர் என்னும் பெயர்கொண்ட ஆறாம் பாப்பானவர் ஒருசந்திச் சட்டத்தைத் திருத்தியபின் அந்தக் கட்டாயம் நீங்கியது. கட்டாயம் நீங்கினாலும் அதிலிருந்த விவேகம் நீங்கவில்லை. முதலில் ஒறுத்தல், பிறகு விருந்து என்பதே பழைய முறை. இப்போதோ டிசம்பர் பிறந்தவுடனேயே கேக்கு வெட்டத் தொடங்குகிறோம். திருநாள் வருமுன்பே நாக்கு சலித்துப்போகிறது. சலித்த நாக்குக்கு இன்னும் அதிகத் தித்திப்பு வேண்டியிருக்கிறது.

3. சரீரத்தில் நடப்பது

தித்திப்பைத் தின்றவுடன் சரீரத்தில் என்ன நடக்கிறது? சர்க்கரை குடலிலிருந்து சீக்கிரமாக இரத்தத்தில் கலக்கிறது. அதைக் கண்டு கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது. அந்த இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்புகிறது. மிஞ்சியது கொழுப்பாக மாறித் தங்குகிறது. சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் போதாது. அல்லது சரியாக வேலை செய்யாது. ஆகவே சர்க்கரை இரத்தத்திலேயே நின்று, நாளடைவில் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் இருதயத்தையும் கெடுக்கிறது.

இது யாருக்கோ வருகிற வியாதி என்று எண்ணவேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

சர்க்கரைக்கு அளவு என்ன? சரீரத்துக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே சேர்த்த சர்க்கரையிலிருந்து வரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் அறிவித்தது. சாதாரணமாக உண்ணும் பெரியவருக்கு இது நாளொன்றுக்கு சுமார் 50 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. அதில் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அது சொல்லுகிறது.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. தம்ளருக்கு இரண்டு கரண்டி வீதம் நாலு வேளை தேநீர் குடித்தால் எட்டுக் கரண்டி, 40 கிராம். பலகாரத் தட்டைத் தொடுமுன்பே அன்றைய பங்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது! அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போட்டு நாற்பது அதிரசம் தட்டினால், ஒன்றில் சுமார் 19 கிராம் வெல்லம் இருக்கும். ஆறு வீட்டில் ஆறு அதிரசம் என்றால் 110 கிராமுக்கு மேல். தாய்மாரே, நீங்கள் செய்யும் எந்தப் பலகாரத்துக்கும் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போட்ட இனிப்பைச் செய்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

எடை விஷயத்திலும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் 195 பேரைத் திருநாள் காலத்துக்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சராசரியாகக் கூடினது 370 கிராம்தான். "பூ, இவ்வளவுதானா?" என்பீர்கள். ஆனால் அப்படிக் கூடின எடை பின்வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருஷந்தோறும் இப்படியே கூடினால், பத்துத் திருநாளில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிவிடும். இரகசியமாக ஏறுகிற கடன் போன்றது இது.

4. நம் மலையின் பழைய உணவு

ஜவ்வாது மலையில் நம் பாட்டன் பாட்டிமார் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கீரையும் கொள்ளும் அவரையும் உண்டு மலை ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கும் தித்திப்பு இருந்தது. தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்தார்கள். பலாப்பழம் அறுத்துப் பங்கிட்டார்கள். ஆனால் தேனடை கிடைப்பதும் பலா பழுப்பதும் அதனதன் பருவத்தில்தான். தேனெடுக்க மரமும் பாறையும் ஏறவேண்டும். கொட்டும் வாங்க வேண்டும். இயற்கையே அவர்களுக்கு மட்டசனம் கற்றுக்கொடுத்தது.

இன்று தித்திப்புக்கு மரம் ஏற வேண்டியதில்லை. பெட்டிக்கடைக்கு நடந்தால் போதும். பத்து ரூபாய்ப் பொட்டலமும் கலர்ப் பாட்டிலும் தொங்குகின்றன. 2025-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அரசாங்கம் ரேஷன் கடையில் கொடுத்த பரிசிலும் ஒரு கிலோ பச்சரிசியோடு ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு முழுக் கரும்பும் இருந்தன. ஏழை வீட்டில் பொங்கல் பொங்க அது உதவியாயிற்று, நன்றி சொல்லத்தக்கது. ஆனால் அந்த ஒரு கிலோவை ஐந்து பேர் ஐந்தே நாளில் தீர்த்தால், தலைக்கு நாளொன்றுக்கு 40 கிராம் ஆகிறது. அதையே ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டால் ஏழு கிராம்கூட ஆகாது. பொருள் ஒன்றுதான், அதைச் செலவழிக்கும் விதத்தில்தான் நன்மையும் தீமையும்.

அன்றியும் சாமையைக் கேவலமாக எண்ணாதீர்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலின்படி, 100 கிராம் சாமையில் நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல் உண்டு. தீட்டின அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து உள்ள உணவு மெதுவாகச் செரித்து, வயிற்றில் நின்று, பசியை அடக்கும். மிஷினில் வெள்ளையாகத் தீட்டிவிட்டால் அந்தச் சத்து போய்விடும் என்பதையும் மறவாதீர்கள். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. உலகம் தேடுகிற தானியம் நம் களத்துமேட்டிலேயே கிடக்கிறது. திருநாள் மத்தியானச் சாப்பாட்டில் சாமையும் இடம் பெறட்டும்.

5. தேனும் வெல்லமும்

"சர்க்கரைதானே கெடுதல்? நாங்கள் மலைத்தேனும் நாட்டு வெல்லமும் அல்லவா சாப்பிடுகிறோம்" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். இது பிசகு. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரையே. வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரையே. அவற்றில் வாசனையும் சிறிதளவு தாதுச்சத்தும் உண்டு. ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்கு அவை மருந்தல்ல, மாற்றுமல்ல. தேனைக் கண்டெடுத்தவனும் போதுமான அளவோடு நிறுத்தவேண்டும் என்று வேதாகமத்தில் நீதிமொழிகள் நூல் 25-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. தேனெடுக்கிற நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை உண்டோ?

இன்னொரு காரியம், பிள்ளை பெற்ற வீட்டாருக்கு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாவில் தேன் தடவுகிற வழக்கம் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, கை கால் துவளச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கும். திருநாளுக்குக் குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் விரலில் தேன் தொட்டு வைக்க வந்தால், மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

6. நாக்கின் ஆசையை ஆளும் வழிகள்

இனிப்பு ஆசை சும்மா வருவதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. காரணம் தெரிந்தால் பாதி ஜெயம்.

முதலாவது, பசி. வெறும் வயிற்றோடு பலகாரத் தட்டின் முன் உட்காராதீர்கள். திருநாள் காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் இட்லியோ களியோ, கூடவே முட்டையோ சுண்டலோ வயிறாரச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே. நிறைந்த வயிறு ஒரு துண்டோடு திருப்திப்படும்.

இரண்டாவது, தூக்கமின்மை. நடுச்சாமப் பூசைக்கு விழித்தவர்களுக்கு மறுநாள் தித்திப்பு ஆசை அதிகமாக இருக்கும். களைத்த சரீரம் சீக்கிரச் சக்தியைக் கேட்கிறது. அப்போது தேவையானது பலகாரம் அல்ல. இரண்டு மணி நேரத் தூக்கம்.

மூன்றாவது, பார்வை. கண்ணில் படுகிறது கையில் ஏறும். பலகாரத்தை மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். விருந்தாளி வரும்போது இறக்கி, போனபின் ஏற்றுங்கள்.

நாலாவது, அவசரம். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் அள்ளிப் போட்டவர் இரட்டிப்பாகத் தின்றிருப்பார். ஒரு துண்டை எடுத்து, மென்று, ருசித்து, பேசிக்கொண்டே தின்னுங்கள். மறு துண்டுக்கு ஆசை வந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துக் கால்மணி பொறுங்கள். பெரும்பாலும் ஆசை தானே அடங்கும்.

ஐந்தாவது, பழக்கம். திருநாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தேநீரில் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்கு பழகிக்கொள்ளும், பிறகு பழைய தித்திப்பு திகட்டும்.

கடைசியாக, நடை. வீடு வீடாகப் போவதை மோட்டார் சைக்கிளில் போகாமல் நடந்து போங்கள். சாப்பிட்டபின் கால்மணி நேரம் நடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும். நம் மலையில் ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவிலுள்ள மேடு பள்ளமே நல்ல வைத்தியர்.

ஒருநாள் மிஞ்சித் தின்றுவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட முயலவேண்டாம். பட்டினிக்குப்பின் நாக்கு இரட்டிப்பாக ஓடும். இன்று கடும் பட்டினி, நாளை கட்டில்லாத விருந்து என்பதைவிட, நாள்தோறும் மிதமாயிருப்பதே மேல் என்று 1609-இல் வெளியான தம் ஞான நூலில் அர்ச். பிராஞ்சிஸ்கு சலேசியார் போதித்தார். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பத்துக் குறளில் ஆறு, செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகின்றன.

7. பரிமாறுகிற கைக்கு

இப்போது பாடத்தின் முக்கியமான பாகத்துக்கு வருகிறோம். வீட்டுத் தலைவியே, உன் கை அன்பான கை. அந்தக் கைக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடு.

பலகாரத்தைச் சிறிதாகச் செய். நாற்பது தட்டும் மாவில் அறுபது தட்டு. விருந்தாளி ஒன்றை எடுத்தாலும் மரியாதை நிறைவேறும், வயிறும் பிழைக்கும்.

தட்டை விருந்தாளி முன்னால் வை. இலையில் அள்ளிப் போடாதே. எடுத்துக்கொள்வது அவர் சுதந்தரம். ஒருமுறை உபசரி. போதும் என்றால் நம்பு. "என் கையால் செய்தது, தின்னாவிட்டால் வருத்தப்படுவேன்" என்று சொல்வது உபசாரம் அல்ல, வற்புறுத்தல்.

தட்டில் தித்திப்போடு வேறு பண்டமும் இருக்கட்டும். அவித்த வேர்க்கடலை, பயறுச் சுண்டல், கொய்யாத் துண்டு, நெல்லிக்காய் வைக்கலாம். குடிக்கக் கலர்ப் பாட்டிலுக்குப் பதில் மோரோ, சுக்கு மல்லிக் காப்பியோ கொடு. "சர்க்கரை போடட்டுமா?" என்று கேட்டபின் போடு. ஒரு வியாதிக்காரருடைய மானத்தைக் காப்பாற்ற இந்த ஒரு கேள்வி போதும். பத்துப் பேர் நடுவில், "ஐயோ, உங்களுக்குச் சர்க்கரை ஆச்சே!" என்று கூவாதே. அவருக்குப் பிடித்த காரப் பண்டத்தை முதலிலேயே எடுத்து வைத்திருந்தால், அவர் வீட்டுக்குப் போனபின்னும் உன்னை வாழ்த்துவார்.

மிஞ்சின பலகாரத்தை நம் வீட்டாரே தின்று தீர்க்க வேண்டுமென்பதில்லை. அந்த வருஷம் துக்கம் நேர்ந்ததால் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு ஊரில் உண்டு. தனியாக இருக்கும் விதவை உண்டு. ஐந்து தின்றவருக்கு ஆறாவதை நீட்டுவதும், ஒன்றும் இல்லாத வீட்டுக்கு ஐந்தை அனுப்புவதும் ஒரே அதிரசம்தான். ஆனால் முன்னது பாரம், பின்னது தர்மம்.

8. சர்க்கரை வியாதிக்காரருக்கு

மாத்திரையையோ ஊசியையோ திருநாளை முன்னிட்டு நிறுத்தாதீர்கள். இனிப்புத் தின்றோம் என்பதற்காக வைத்தியரைக் கேட்காமல் ஒரு மாத்திரை கூடுதலாகப் போடாதீர்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமலும் இருக்காதீர்கள். நம் மலைக்கிராமங்களிலிருந்து இராத்திரி வேளையில் போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். திருநாளுக்கு முன்பே மருந்தைப் போதிய அளவு வாங்கி வையுங்கள். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் மருந்து பெறுகிறவர்கள், சுகாதார ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முப்பது வயது கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதியா என்று வைத்தியர் உறுதி செய்வார்.

நடுச்சாமப் பூசையில் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, மயக்கம் தோன்றினால் அது சர்க்கரை இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது சர்க்கரையே மருந்து. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால்மணியில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, உதவி தேட வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; 108-க்குச் சொல்லுங்கள். நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் ஒன்றும் உண்ணக்கூடாது என்ற கட்டுப்பாடு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இல்லை. ஆகையால் பயப்பட்டுப் பூசை முடியுமட்டும் பொறுத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கேட்க வேண்டிய வினா விடை

வினா: திருநாளில் பலகாரம் தின்பது பாவமா?
விடை: அல்ல. நன்றியோடும் அளவோடும் தின்பது திருநாளுக்கு அழகு.

வினா: மட்டசனம் என்றால் என்ன?
விடை: சரீரத்துக்கு வேண்டியதை வேண்டிய வேளையில் வேண்டிய அளவு உண்பது.

வினா: தேனும் வெல்லமும் சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆகுமா?
விடை: அவையும் சர்க்கரையே. ஆகையால் அதே அளவும் அதே எச்சரிக்கையும் வேண்டும்.

வினா: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா?
விடை: ஒருபோதும் கூடாது.

வினா: விருந்தாளி போதும் என்றால் என்ன செய்வாய்?
விடை: ஒருமுறை உபசரித்தபின் அவர் சொல்லை நம்பி, தட்டை எடுத்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து பேசுவேன்.

பிரியமான குடும்பத்தாரே, இந்தக் கடைசி விடையைத்தான் இவ்வருஷத் தீர்மானமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்சொன்ன பெரியவர் ஆறு வீடு ஏறினது அதிரசத்துக்காக அல்ல; உங்களைப் பார்க்க ஏறினார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியோடு சிரித்து, பங்காளியோடு பழைய கதை பேசி, வயிறு லேசாகவும் மனம் நிறைவாகவும் அவர் வீடு திரும்பட்டும். அடுத்த வருஷமும் அவர் அதே ஆறு வீடும் ஏற வேண்டுமே!

குடிலில் பிறக்கும் பாலசேசு உங்கள் அடுப்பையும் பந்தியையும் ஆசீர்வதிப்பாராக.